நாளை நேர்முகத் தேர்வு!

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

"நாளைக் காலை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு, அசல் சான்றிதழ்களுடன் வரவும்" என்று மாலையில் கைப்பேசியில் செய்தி வந்தால், எஞ்சியிருப்பது ஓர் இரவுதான். அந்த இரவில் என்ன செய்வது?

நம்மில் பலர் பொது அறிவுப் புத்தகத்தைத் தேடி ஓடுகிறோம். ஆங்கிலத்தில் பத்து வரிகளை யாரிடமோ எழுதி வாங்கி மனப்பாடம் செய்கிறோம். இரண்டும் வீண் வேலை என்பதே என் கருத்து. புதிதாகக் கற்க ஓர் இரவு போதாது. கற்றதை ஒழுங்கு செய்ய அது தாராளம்.

சான்றிதழ், நகல், புகைப்படம், பேருந்து நேரம் ஆகியவற்றை இரவே சரி பார்த்துவிட்டால் பாதிப் பதற்றம் குறையும். பிறகு, விண்ணப்பத்தில் நாம் எழுதிய ஒவ்வொரு வரியையும் ஒரு கேள்வியாக்கிப் பார்க்க வேண்டும். "கூட்டு ஊசல் சோதனையில் ஓர் அலைவுக்குப் பதில் 20 அலைவுகளுக்கு ஏன் நேரம் குறித்தீர்கள்?" என்று இயற்பியல் மாணவனைக் கேட்கலாம். கடிகாரத்தை நிறுத்துவதில் நேரும் பிழை 20 அலைவுகளுக்கும் பங்காகிக் குறைந்துவிடும் என்பது நமக்குத் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தோமா? இல்லையே! வள்ளுவர் கல்வியை 40ஆம் அதிகாரத்திலும் அவையஞ்சாமையை 73ஆம் அதிகாரத்திலும் வைத்தார். படித்திருப்பது வேறு; நாலு பேர் முன் சொல்வது வேறு.

நேர்முகத் தேர்வுக் காலமே போய்விட்டது என்பாரும் உண்டு. மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் அது இல்லை என்பது உண்மையே. ஆனால் தனியார் நிறுவனங்கள் இன்றும் ஆளைப் பார்த்துப் பேசித்தானே எடுக்கின்றன?

அவகாசமும் எல்லோருக்கும் ஒன்றல்ல. அலுவலர் வீட்டுப் பிள்ளை சாப்பாட்டு வேளையிலேயே 20 ஆண்டுகளாகத் தயாராகி வருகிறான். என் தந்தை கொத்தனார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். "உள்ளே என்ன கேட்பார்கள்?" என்று நான் யாரைக் கேட்பது? ஆயினும் எங்கள் வீட்டிலும் கல்வி உண்டு. விடுமுறையில் சித்தாளாகப் போய், செங்கல் கட்டுக்கு ஒரு சட்டி சிமெண்டுக்கு ஆறு சட்டி மணல் என்று கணக்கு வைத்தவன் நான். "அனுபவம் உண்டா?" என்றால் இதைக் கூசாமல் சொல்வேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமைதோறும் அரை மணி நேரம் மூன்றாம் ஆண்டு அண்ணன்மாரும் அக்காமாரும் மேசைக்கு அப்பால் அமர்ந்து எங்களைக் கேள்வி கேட்கட்டும். பேராசிரியப் பெருமக்கள் திருத்தட்டும். இதற்குப் பணச் செலவில்லை. ஒரு வகுப்பறையும் நாலு நாற்காலியும் போதும். வரும் கல்வியாண்டிலேயே தொடங்குவோமா, நண்பர்களே?