தார் போடட்டும் விடுங்க பாஸ்!

கிராவல் சைக்கிள்னா என்னன்னு தெரியாத மக்களுக்காக முதல்ல ஒரு சின்ன அறிமுகம். ரேஸ் சைக்கிள் மாதிரியே வளைஞ்ச ஹேண்டில்பார், ஆனா டயர் மட்டும் 40 மி.மீ. அகலம். தார் ரோட்டை விட்டு இறங்கி மண்ரோடு, சரளை, வாய்க்கால் கரை என்று சுற்றுவதற்கான வண்டி. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் 2006-ல் 34 பேரோடு ஆரம்பித்த ஒரு 200 மைல் பந்தயம் (இன்னிக்கு அன்பவுண்ட் கிராவல்னு பேரு) இந்தக் காய்ச்சலைப் பரப்பியதில் முக்கியமானது. 2022-ல் உலக சாம்பியன்ஷிப்பே வந்துடுச்சு. முதல் ரெண்டு வருஷமும் இத்தாலியில், வெனட்டோ பகுதியில்தான். 2023-ல் ப்ரொசெக்கோ ஒயினுக்குப் பேர்போன குன்றுகளுக்குள்ளேயே புகுந்து ஓட்டினாங்க. அதனாலயோ என்னவோ, இந்த வண்டி விளம்பரத்துல எல்லாம் திராட்சைத் தோட்டமும் ஆத்தங்கரையும் நிச்சயம் உண்டு.

(நம்ம ஊர் கறுப்பு சைக்கிள் டயர் 28 x 1½. ஒன்றரை இஞ்சுன்னா 38 மி.மீ. அப்படிப் பார்த்தா எங்க ஊர் பால்காரர் நாப்பது வருஷமா கிராவல் சைக்கிளிஸ்ட். ஹெல்மெட்தான் போடலை :-))

நிற்க. விஷயத்துக்கு வர்றேன்.

எங்க அம்மா ஊர் கம்பம் பக்கம். மாமா காமயகவுண்டன்பட்டி பக்கத்துல ரெண்டு ஏக்கர்ல பன்னீர் திராட்சை போட்டிருக்கார். பெங்களூர்ல பொட்டி தட்டுற நான், வருஷத்துக்கு நாலஞ்சு தடவை சைக்கிளை பஸ் டிக்கியில் போட்டுக்கொண்டு அங்க போயிடுவேன். அப்படியே ஆபீஸ் மக்களுக்கும் ஆசை காட்டி, இப்ப ஒரு பத்துப் பதினைந்து பேர் கொண்ட வாட்ஸ்அப் குழுவே இருக்கு.

போன மாசம் அந்தக் குழுவில் ஒரு படம் வந்தது. தோட்டங்களுக்கு நடுவே போகிற ஒரு செம்மண் பாதை, ஓரத்தில் சல்லிக் குவியல், பக்கத்தில் ரெண்டு தார் டிரம். "இன்னொரு பாதையும் செத்துடுச்சு"ன்னு தலைப்பு. கீழே வரிசையா அழுகிற பொம்மைகள். அதோட விட்டிருந்தா நானும் ஒரு பொம்மை போட்டுட்டு போயிருப்பேன். ஒரு நண்பர் கலெக்டருக்கு மனு எழுதலாம்னு கிளம்பிட்டார். மண்ரோடு நம்ம பாரம்பரியமாம், இத்தாலிக்காரன் காப்பாத்துறானாம், நாம அழிக்கிறோமாம். என்கிட்ட கையெழுத்து கேட்டார். நான் போடலை. ஏன் போடலைன்னு குழுவில் டைப் பண்ணினா சண்டை வரும், அதான் இங்கே.

இத்தாலி கதை பொய் இல்லை. டஸ்கனியில், கியாந்தி பகுதியின் கையோலே என்கிற சின்ன ஊரில், ஜான்கார்லோ ப்ரோச்சி என்பவர் 1997-ல் லெரோய்கான்னு ஒரு பழைய சைக்கிள் சவாரியை ஆரம்பிச்சார். முதல் வருஷம் வந்தது 92 பேர். நோக்கங்கள்ல ஒண்ணு, அங்க இருக்கிற வெள்ளைச் சரளைப் பாதைகளைத் தார் விழுங்காமல் காப்பாத்துறது. அது வளர்ந்து, அதே மாதிரி பாதைகளில் 2007-லிருந்து ஸ்த்ராதே பியாங்கேன்னு தொழில்முறைப் பந்தயமே நடக்குது, முடிவது சியன்னா நகரத்தின் நடுவில். நான் வருஷா வருஷம் ராத்திரி டீ போட்டு வெச்சுக்கிட்டு பார்க்கிற ஆள். மனுஷன் ஜெயிச்சிட்டார், சந்தேகமே இல்லை.

ஆனா ஒரு சின்ன வித்தியாசம் இருக்கு பாஸ். கியாந்தியில் விளையுறது ஒயின் திராட்சை. பறிச்சதும் பக்கத்துலயே இருக்கிற ஆலைக்குப் போய் எப்படியும் நசுங்கப் போற பழம். அந்தத் தோட்டத்துக்காரன் விக்கிறது பாட்டிலை. வெள்ளைப் பாதையும் சைப்ரஸ் மரமும் சேர்ந்துதான் அந்தப் பாட்டிலுக்கு விலை. தோட்டத்துக்கே வந்து தங்கி, ருசி பார்த்து வாங்கிட்டுப் போறவன் இருக்கான். அவனுக்கு அந்தப் புழுதி ஒரு முதலீடு.

எங்க மாமா விக்கிறது கொத்தை. காம்போட, முழுசா, மேலே அந்த வெள்ளைப் பூச்சு கலையாம கமிஷன் கடை வரைக்கும் போய்ச் சேரணும். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்கு புவிசார் குறியீடு கொடுத்தாங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா குறியீடு வாங்கின பழமும் குழியில் வண்டி இறங்கினா உதிரத்தான் செய்யும். காலையில வெயிலுக்கு முன்னாடி வெட்டி, அழுகின மணியை கத்திரியால நறுக்கி எடுத்து, டிரேயில் அடுக்கி, குட்டியானையில் ஏத்துவாங்க. தோட்டத்திலிருந்து தார் ரோடு ஒண்ணே முக்கால் கிலோமீட்டர். அந்த ஒண்ணே முக்கால்லதான் எல்லாம் நடக்கும். கடையில் டிரேயைத் தூக்கினால் அடியில் உதிரி தனியா கிடக்கும். கொத்துக்கு ஒரு விலை, உதிரிக்கு ஒரு விலை. சொல்லவே வேணாம், உதிரி விலை ஜூஸ்காரன் சொல்றதுதான்.

இது வெயில் நாள் கதை. ஐப்பசி மழையில் அந்தப் பாதைக்குள்ள குட்டியானை வரவே வராது. டிரைவர் போனை எடுக்கமாட்டார். பழுத்த பழம் பந்தலில் தொங்கிக்கிட்டே மழையைக் குடிச்சு தோல் வெடிக்கும். ஒரு வெடிச்ச மணி பக்கத்து நாலு மணியை அழுக வைக்கும். கவாத்து பண்ணி, மருந்து அடிச்சு, நாலு மாசம் காத்திருந்து, கடைசியில் ரெண்டு நாள் ரோட்டுக்காகக் காத்திருந்து போச்சு. போன வருஷம் நான் கூடவே இருந்து பார்த்தேன். அதே ரெண்டு நாளில் நான் அந்தச் சேற்றில் ஓட்டி எடுத்த படத்துக்கு குழுவில் முப்பது லைக்.

"ஏன் மாப்ள, கிராவல் சைக்கிளுங்கிறியே, இதுல எத்தனை யூனிட் கிராவல் ஏத்தலாம்?"னு மாமா ஒரு தடவை கேட்டார். எங்க பக்கம் கிராவல்னா டிப்பர்ல வந்து கொட்டுற மண்ணு. அந்தப் பாதைக்கு தோட்டத்துக்காரங்க எல்லாம் சேர்ந்து காசு போட்டு ரெண்டு தடவை கிராவல் அடிச்சிருக்காங்க. ரெண்டு தடவையும் அடுத்த மழையில போயிடுச்சு. சரளைப் பாதைன்னா சும்மா விட்டுட்டா நிக்கும்னு நம்ம நண்பர்கள் நினைக்கிறாங்க. நடுவில் மேடு கொடுத்து, ரெண்டு பக்கமும் தண்ணி வடிய வழி வெட்டி, வருஷா வருஷம் சரிபண்ணினால்தான் நிக்கும். டஸ்கனியில் நாம டிவியில் பார்க்கிற அந்த வழுவழு வெள்ளைப் பாதைக்குப் பின்னாடி யாரோ ஒருத்தர் ரோலரோட இருக்கார். இங்கே அந்த ரோலருக்கு யார் காசு? நம்ம மனுவில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

மனுவில் இன்னொரு வாசகம் இருந்தது: "மனிதக் கை படாத இயற்கை". சிரிச்சிட்டேன். மேற்கே போய்க்கொண்டிருந்த பெரியாற்றுத் தண்ணியை அணை கட்டி, மலையைக் குடைஞ்சு, 1895-ல் இந்தப் பக்கம் திருப்பி விட்டவர் பென்னிகுயிக். அந்தத் தண்ணியில்தான் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல். அந்த ஆறுதான் லோயர்கேம்ப்லேர்ந்து கூடலூர், கம்பம், உத்தமபாளையம்னு நம்ம கூடவே வருது. பந்தல் கால் நட்டது மனுஷன், கம்பி இழுத்தது மனுஷன், வாய்க்கால் வெட்டினது மனுஷன். இதுல ரோடு மட்டும் கை படாம இருக்கணுமா?

அதுக்காக எல்லாத்துக்கும் தார் ஊத்துங்கன்னு சொல்ற ஆள் இல்லை நான். ஆத்தோரம், வாய்க்கால் கரையில் போகிற பாதை வேற கதை. அதில் யாரும் டிரே ஏத்திட்டு வர்றதில்லை. ஆடு மாடு போகும், வயலுக்கு மம்பட்டியோட போறவங்க போவாங்க, காலையில் நடக்கிறவங்க போவாங்க. ஒரு பக்கம் தண்ணி சத்தம், இன்னொரு பக்கம் நாத்து, தூரத்தில் மேகமலை. ஆடிக்காத்தில் லோயர்கேம்ப் பக்கம் எதிர்க்காத்தா மிதிச்சா ஒண்ணாவது கியரிலும் நுரை தள்ளும். திரும்பி வரும்போது மிதிக்கவே வேணாம், காத்தே கொண்டு வந்து கம்பத்துல விட்டுடும். அந்தக் கரையில் தார் போட்டால் டிப்பருக்குக் குறுக்கு வழி கிடைக்கும், ஆட்டுக்காரப் பாட்டிக்கு ஒதுங்க இடம் இருக்காது. அதைத் தடுக்க மனு எழுதுங்க, முதல் கையெழுத்து என்னுது. ஆனா அதையும் அந்தப் பாட்டிகிட்டயும் வயல்காரங்ககிட்டயும் கேட்டுட்டு எழுதணும். மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை வர்ற நமக்கு அங்க ஓட்டு கிடையாது.

தோட்டத்துப் பாதை போச்சுன்னா நமக்கு நஷ்டம் என்ன? சுமார் இருபது கிலோமீட்டர் சுத்துல ரெண்டு கிலோமீட்டர் தார். ஒரு லட்ச ரூபாய் வண்டி தார் ரோட்டுலயும் உருளும்.

மனுவை நண்பர் இன்னும் அனுப்பலை. அடுத்த மாசம் அவரையும் கூட்டிட்டு வர்றதா மாமாகிட்ட சொல்லியிருக்கேன். "வெட்டு நாள்ல வரச்சொல்லு மாப்ள, டிரே தூக்க ஆள் பத்தலை"ங்கிறார்.

டிஸ்கி: வர்றவங்க கவனத்துக்கு. பந்தலுக்குள்ள சைக்கிளை விடாதீங்க, கம்பி கழுத்து உயரத்துலதான் இருக்கும். கொத்து மேல நீலமா படிஞ்சிருக்கிறது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து, போட்டோவுக்காகப் பறிச்சு வாயில் போட்டுக்காதீங்க. வேணும்னா தோட்டத்துலயே காசு கொடுத்து வாங்கலாம். உதிரி கேட்டு வாங்குங்க, ருசி அதேதான்.