சிறுவர் நூலும் திரைப்படமும்: விசுவாசம் பற்றிய ஒரு மறுப்பு

நூலொன்று திரைப்படமாகும்போதெல்லாம் தமிழ் வாசகரிடையே முதலில் எழுவது முறைப்பாடே. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' மணிரத்தினத்தின் நெறியாள்கையில் 2022, 2023 ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்தபோது யாழ்ப்பாணத்து வாசகரும் இதற்கு விலக்காகவில்லை. மணிமேகலை என்னும் பாத்திரம் எங்கே போயிற்று என வினவினர். சேந்தன் அமுதனின் பிறப்பு இரகசியத்தைக் கைவிட்டு, நாவலில் அரியணை ஏறாத மதுராந்தகனுக்கு முடிசூட்டியமை எவ்வாறு பொருந்தும் எனக் கொதித்தனர். அந்நாவல் 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வளர்ந்தோருக்காகவே தொடராக எழுதப்பட்டது. எனினும் பாடப்புத்தகத்தின் மறைவில் வைத்துப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே அதனை வாசித்து முடித்தோர் குடாநாட்டிற் பலர். தொண்டைமானாற்றின் முகத்துவாரம் சோழர் கதையில் இடம்பெறக் கண்டு வடமராட்சிச் சிறுவன் அடைந்த மகிழ்ச்சி சாதாரணமானதன்று. ஆதலால், திரையில் நாவல் மாறியபோது தமது பன்னிரண்டாம் வயதையே எவரோ திருத்தி எழுதிவிட்டதாக அவர்கள் உணர்ந்தனர்.

இவ்வுணர்வு மதிக்கத்தக்கதே. ஆயின் உணர்வு திறனாய்வாகிவிடாது. மூலத்துக்கு விசுவாசம் என்பதைப் பற்றிப் பேசுவோர் கையாளும் முறையைச் சற்றே நோக்கினால் அதன் வறுமை புலப்படும். கணக்கப்பிள்ளை பேரேட்டைச் சரிபார்ப்பது போல, நூலின் நிகழ்ச்சிகளை ஒருபுறமும் படத்தின் நிகழ்ச்சிகளை மறுபுறமும் நிறுத்தி, குறைந்தவற்றையும் கூடியவற்றையும் எண்ணி முடிப்பதுடன் அவர்தம் பணி நிறைவெய்துகின்றது. வளர்ந்தோர் இலக்கியத்துக்கே போதாத இவ்வளவுகோல், சிறுவர் இலக்கியத்துக்கு முற்றிலும் பிழையானது. சிறுவர் நூலொன்றின் உயிர்நிலை, உலகம் எந்த உயரத்திலிருந்து பார்க்கப்படுகின்றது என்பதில் உள்ளது. மேசையின் மேற்பரப்பைக் காணாது அதன் அடிப்பலகையைக் காணும் கண் ஒன்று உண்டு. நல்ல சிறுவர் நூல் அக்கண்ணால் எழுதப்படுவது. நிகழ்ச்சிகள் அனைத்தையும் ஒன்றும் விடாது வைத்துக்கொண்டே அக்கண்ணைப் பிடுங்கிவிட முடியும்; அவ்வாறு பிடுங்கிய படத்தை விசுவாசமான படமென்று கணக்கப்பிள்ளைத் திறனாய்வு மெச்சவும் கூடும்.

இதற்கான சான்று தமிழ்த் திரையுலகிலேயே உண்டு. ஜேர்மனிய எழுத்தாளர் எரிக் கேஸ்ற்னர் 1949 ஆம் ஆண்டில் இரட்டைச் சிறுமியர் பற்றிய சிறுவர் நாவலொன்றை வெளியிட்டார். பெற்றோரின் மணவிலக்கினால் ஒருத்தி வியன்னாவில் தந்தையுடனும் மற்றவள் மியூனிக்கில் தாயுடனும் வளர்கின்றனர். ஒருவரையொருவர் அறியாத அவர்கள் விடுமுறை இல்லமொன்றிற் சந்தித்து, உண்மையை உணர்ந்து, ஒருத்தியின் இடத்துக்கு மற்றவள் செல்கின்றாள். இக்கதையின் நடுவே கேஸ்ற்னர் தாமே குறுக்கிட்டு, பிள்ளைகளுக்கு மணவிலக்கைப் பற்றிச் சொல்லலாமா என்று முகஞ்சுளிக்கும் பெரியோருக்கு விடை கூறுகின்றார். ஷேர்லி ரெம்பிள் என்னும் சிறுமி உலகப் புகழ்பெற்ற நடிகையாயிருந்தும், தான் நடித்த படத்தைப் பார்க்க வயது போதாதெனத் தடுக்கப்பட்டதை அவர் அங்கு நினைவூட்டுகின்றார். பெற்றோரின் பிரிவினாலே துன்புறுவதற்கு வயது போதும், அதைப்பற்றி வாசிப்பதற்கு மட்டும் வயது போதாதா என்பதே அவர் வினாவின் சாரம். நூலின் முதுகெலும்பு இவ்விடத்தில் உள்ளது. பிள்ளைகளின் சினத்துக்கும் தீர்ப்புக்கும் அந்நூல் இடமளிக்கின்றது. தவறு செய்தோர் பெரியோர். அதனை அறிந்து செயற்படுவோர் பிள்ளைகள்.

வால்ற் டிஸ்னி நிறுவனம் இந்நாவலை 1961 இல் அமெரிக்கச் சூழலுக்கு மாற்றிப் படமாக்கியது. அப்படத்தைத் தழுவி ஏ. வி. எம். நிறுவனம் கிருஷ்ணன்–பஞ்சுவின் நெறியாள்கையில் 1965 இல் வெளியிட்டதே 'குழந்தையும் தெய்வமும்'. ஜெய்சங்கரும் ஜமுனாவும் பெற்றோராக நடிக்க, குட்டி பத்மினி இரட்டையர் இருவராகவும் நடித்தார். தென்னிந்தியப் படங்களே யாழ்ப்பாணத் திரையரங்குகளை நிறைத்திருந்த காலம் அது. அதன் பின்னால் ஜேர்மனிய நூலொன்று நிற்பதை அறியாமலே ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அப்படத்தைப் பார்த்து அழுதனர், சிரித்தனர்.

கணக்கப்பிள்ளை முறையில் நோக்கின் இப்படம் மூலத்துக்குப் பெரிதும் அண்மையதே. பிரிந்த தம்பதியர் உண்டு, இரட்டையர் உண்டு, இடமாற்றம் உண்டு, ஈற்றில் இணைவும் உண்டு. ஆயின் பழி எங்கே போயிற்று? மனைவியின் தாயாருடைய பணச்செருக்கு குடும்பத்தைப் பிரித்ததாகக் கதை திருப்பப்பட்டுள்ளது. கணவனும் மனைவியும் இயல்பில் நல்லவர். மாமியார் ஒருத்தி கெட்டவள். அவள் திருந்தினால் யாவும் சரியாகிவிடும். பெற்றோரை நேராக நோக்கிப் பிள்ளை கேட்கவேண்டிய கேள்வி இவ்வாறு மாமியாரின் தலையிற் கட்டப்பட்டுவிட்டது. தலைப்பே எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றது. குழந்தையைத் தெய்வமாக்குதல் தமிழ்ப் பண்பாட்டிற் புகழ்ச்சியாகக் கொள்ளப்படுவது. எனினும் தெய்வத்துக்குக் கோபிக்கும் உரிமை சினிமாவிற் கிடையாது. அது மன்னிக்கும், கண்ணீர் விடும், பாட்டுப் பாடும். படம் இனிமையானது, குட்டி பத்மினியின் நடிப்புச் சிறந்தது, பாடல்கள் இன்றும் கேட்கத்தக்கன என்பதையெல்லாம் ஒப்புக்கொண்டாலும், கேஸ்ற்னர் பிள்ளையின் கையிற் கொடுத்த கதையைத் தமிழ்ப்படம் பெற்றோரின் கையில் மீள ஒப்படைத்துவிட்டது என்ற உண்மை மறையாது.

இதற்கு நேர்மாறான ஒன்று வங்காளத்தில் நிகழ்ந்தது. உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி 1913 இல் 'சந்தேஷ்' என்னும் சிறுவர் இதழைத் தொடங்கி, அதில் 1915 இல் கூபி, பாகா என்னும் இருவரின் கதையை எழுதினார். அவருடைய பேரனார் சத்யஜித் ராய் 1969 இல் அதனைப் படமாக்கியபோது பாட்டனாரின் வரிகளுக்குக் கட்டுப்பட்டு நிற்கவில்லை. சிறு கதையைப் பெருங்கதையாக விரித்தார்; பேய்களின் நீண்ட நடனமொன்றைத் தாமே படைத்துச் சேர்த்தார்; போரின் மடமையைக் கதையின் நடுவில் நிறுத்தினார். பேரேட்டுக் கணக்கின்படி இது பெருங்குற்றம். ஆயினும் வங்காளப் பிள்ளைகள் அப்படத்தைத் தமதென்று ஏற்றுக்கொண்டனர். பாட்டுப் பாடத் தெரியாதவனும் மேளமடிக்கத் தெரியாதவனும் அரண்மனையை அசையச்செய்யும் வேடிக்கையைப் பிள்ளை எவ்வாறு காணுமோ அவ்வாறே ராயும் கண்டார். உயரம் மாறவில்லை, ஏனையவை மாறின.

நூலாசிரியரின் ஒப்புதலே அளவுகோலாக அமையலாமே என்று சிலர் கூறுவர். 'மேரி பொப்பின்ஸ்' கதைகளை 1934 முதல் எழுதிய பி. எல். ட்ரவர்ஸ், 1964 இல் டிஸ்னியின் படத்தை முதற்காட்சியிற் பார்த்து அழுதவர். அவருடைய கசப்பு நியாயமானதே. அதே படத்தைப் பார்த்த பிள்ளைகள் பலர் பின்னர் அவர்தம் நூலைத் தேடிச் சென்றனர் என்பதும் மெய்யே. ஆசிரியரின் கண்ணீர் அனுதாபத்துக்குரியது. அதனை அளவுகோலாக்கினால் எந்நூலும் படமாகாது.

இங்கு மற்றோர் உண்மை மனங்கொள்ளத்தக்கது. ராய்க்கு அத்துணைச் சுதந்திரம் எங்கிருந்து கிடைத்தது? பாட்டனாரின் கதை வங்காள வீடுகளில் வாசிக்கப்பட்டு வந்தது. 1961 இல் 'சந்தேஷ்' இதழையே ராய் மீண்டும் உயிர்ப்பித்திருந்தார். படம் எதை மாற்றினும், மாறாத நூல் பிள்ளையின் கையில் இருந்தது. இலங்கையிற் சிங்களப் பிள்ளைகளின் நிலையும் அதுவே. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'மடோல் தூவ' 1947 இல் வெளிவந்தது. தென்கரைச் சிறுவன் உபாலி தன் தோழன் ஜின்னாவுடன் ஆளில்லாத் தீவொன்றிற் குடியேறும் கதை அது. லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் அதனைப் படமாக்கியது 1976 இல். இடைப்பட்ட ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் அந்நூல் சிங்கள வீடுகளில் ஊறிப்போயிருந்தது. பார்க்கச் சென்ற பிள்ளை தன் உபாலியை ஏற்கனவே மனத்திற் கொண்டிருந்தது. திரையில் வந்தவனை அவனோடு ஒப்பிட்டு, ஏற்கவோ மறுக்கவோ அதனால் முடிந்தது. விசுவாசம் பற்றிய விவாதத்தை நடத்தும் முதலுரிமை அப்பிள்ளைக்கே உண்டு. 'மடோல் தூவ' தமிழிலும் பெயர்க்கப்பட்டுள்ளது. பொன்னியின் செல்வனுக்காகக் கொதித்தோரில் எத்தனைபேர் அதனைத் தம் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கொடுத்தனர் என்று கேட்பது நாகரிகமன்று, ஆயினும் கேட்கவேண்டியுள்ளது.

நூல் கையில் இல்லாத பிள்ளைக்குப் படமே முதலும் முடிவுமாகின்றது. அங்கு படத்தின் ஒவ்வொரு திருத்தமும் நிலையான திருத்தமாகிவிடுகின்றது. யாழ்ப்பாணத்தில் நூல் கையில் இல்லாமற் போனமைக்கு வரலாறும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. கேஸ்ற்னரும் 1933 மே 10 ஆம் நாள் பேர்லினில் தம் நூல்கள் நெருப்பிலிடப்படுவதைக் கூட்டத்தில் நின்று கண்டவர்; அதன்பின் தம் நாட்டில் வெளியிடும் உரிமையை இழந்து, போர்க்காலத்தில் அந்த இரட்டைச் சிறுமியர் கதையை முதலிற் படக்கதையாகவே எண்ணியவர். நூல் எரியும் நாட்டில் கதை வேறு வடிவம் தேடியலையும் என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. எனினும் நூலகம் மீளக் கட்டப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் 1981 ஐயே காட்டிக்கொண்டிருப்பது இனி வசதியான சாக்கு.

உண்மையில் இங்கு சிறுவர் இலக்கியத்தைச் சிதைப்பதற்குத் திரைப்படம் தேவைப்படவில்லை. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) பிள்ளைகளுக்கென இயற்றிய 'ஆடிப்பிறப்பு', 'கத்தரி வெருளி', 'பவளக்கொடி' ஆகியவற்றை அறியாத யாழ்ப்பாணத்தவர் இலர். அவை இன்று பெரிதும் வாழுமிடம் எது? பாவோதற் போட்டி மேடை. விறைத்து நிற்கும் சிறுமி ஒருத்தி, ஆசிரியர் பழக்கிய இடத்தில் கையுயர்த்தி, ஆசிரியர் பழக்கிய இடத்தில் முகத்தை மலர்த்தி, புள்ளி வழங்கும் மூவரைப் பார்த்து ஒப்புவிக்கின்றாள். கூழின் சூடும் கொழுக்கட்டையின் இனிப்பும் எங்கோ போய்விட, உச்சரிப்புக்கு இத்தனை புள்ளி, பாவத்துக்கு இத்தனை புள்ளி என்பது எஞ்சுகின்றது. ஒரு சொல்லும் மாறவில்லை. ஆகவே இது முழு விசுவாசம்! பாட்டுப் பிள்ளையிடமிருந்து பறிக்கப்பட்டுப் பெரியோரின் கையிற் சேர்ந்ததை எவரும் முறையிடுவதில்லை. தரம் ஐந்துப் புலமைப்பரிசிற் பரீட்சைக்காக விடிகாலையும் மாலையும் ரியூற்றரிக்கு அனுப்பப்படும் பிள்ளைக்குக் கதைநூலொன்றை விரிக்க ஒரு மணிநேரம் இல்லை. அம்மணிநேரத்தைப் பறித்தோர், மணிரத்தினம் மணிமேகலையைப் பறித்துவிட்டார் எனக் கண்கலங்குவது விந்தையே.

வேறொரு வழியும் இம்மண்ணிற் காட்டப்பட்டுள்ளது. 1978 இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம், 'கூடி விளையாடு பாப்பா' முதலான சிறுவர் நாடகங்களில் வளர்ந்தோர் விரும்பும் ஒப்புவித்தலை ஒதுக்கிப் பிள்ளைகளின் விளையாட்டையே அரங்கமாக்கினார். விலங்குகளும் பறவைகளும் அங்கு நீதி போதிக்க வந்த மாறுவேட ஆசிரியர்களாகத் தோன்றவில்லை. திரைப்படம் கற்கவேண்டிய பாடம் அவ்வரங்கில் உண்டு. குடாநாட்டு இளைஞர் இன்று சிறிய ஒளிப்படக்கருவிகளைக் கொண்டே குறும்படம் எடுக்கின்றனர். ஆயினும் சிறுவர் பாடலொன்றையோ கதையொன்றையோ அவர்கள் அரிதாகவே நாடுகின்றனர். பணமில்லை என்ற சமாதானம் இங்கு செல்லாது. கத்தரித் தோட்டமும் ஒரு வெருளியும் விலையுயர்ந்த காட்சியமைப்புகள் அல்ல.

அத்தகைய படத்துக்கு முன்வைக்கத்தக்க நிபந்தனைகள் இரண்டே. புலவரின் வரிகளை நெறியாளர் குறைக்கலாம், கூட்டலாம், ஒன்றையுமே பயன்படுத்தாதும் விடலாம். கமெராவின் உயரம் மட்டும் பிள்ளையின் உயரமாயிருத்தல் வேண்டும். தோட்டக்காரனின் உயரத்திலிருந்து எடுத்தால் வெருளி கந்தற்சட்டை மாட்டிய தடி. ஆறு வயதுப் பிள்ளையின் உயரத்திலிருந்து எடுத்தால் சம்பளமின்றி வெயிலில் நிற்கும் காவலாள். மற்றைய நிபந்தனை நெறியாளருக்கு உரியதன்று, படத்தைக் காட்டும் சங்கங்களுக்கும் பாடசாலைகளுக்கும் உரியது: படம் காட்டப்படும் மண்டபத்தின் வாயிலிற் புலவரின் பாட்டு நூல் விற்பனைக்கு இருத்தல் வேண்டும், அதன் விலை நுழைவுச்சீட்டின் விலையிலும் குறைவாயிருத்தல் வேண்டும்.