அங்கன்வாடிக் குழந்தைகளின் பால் பற்களுக்கு அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்: செயலாளர், அங்கன்வாடிக் குழந்தைகளின் பெற்றோர் சங்கம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்; மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அவர்கள்; மாவட்டத் திட்ட அலுவலர் அவர்கள், ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள்.

பொருள்: ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் சொத்தைப் பற்கள் – தேசிய சிறார் நலத் திட்ட நெறிமுறைகளின்படி சிகிச்சை வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து இச்சங்கம் முன்னர் அளித்த மனுக்களும் நினைவூட்டுக் கடிதங்களும்.

இம்மாவட்ட அங்கன்வாடி மையங்களுக்கு வரும் குழந்தைகளின் பெற்றோரை உறுப்பினர்களாகக் கொண்டது இச்சங்கம்.

பார்வையில் காணும் மனுக்கள் அலுவலகக் கோப்புகளில் உள்ளன என்றாலும், அவற்றில் கேட்கப்பட்டது ஒன்றாகவும் பதிலில் கூறப்பட்டது வேறொன்றாகவும் இருந்தமையால், அவற்றின் சாரத்தை மீண்டும் எடுத்துரைக்க வேண்டியுள்ளது. அங்கன்வாடிக் குழந்தைகளைப் பரிசோதித்த நடமாடும் மருத்துவக் குழுவினர் ‘சொத்தைப் பல்’ என்று குறித்துப் பரிந்துரைச் சீட்டு எழுதிக் கொடுத்த குழந்தைகளுக்கு எந்த மருத்துவமனையில், எந்த நாளில் சிகிச்சை கிடைக்கும் என்று முதல் மனு கேட்டது. மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பி வைக்கப்பட்டுள்ளது என்பதே அதற்கு வந்த பதில். அடுத்த மனு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டபோது, பரிசோதனை அட்டவணைப்படி நடந்து முடிந்ததாகவும், பல் துலக்கும் முறை குறித்து விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தப்பட்டதாகவும் தெரிவிக்கப்பட்டது. பரிசோதனை நடக்கவில்லை என்று இச்சங்கம் எந்த மனுவிலும் குறை கூறவில்லை; குழுவினர் பொறுப்புடன் பரிசோதித்ததனால்தான் பெற்றோரின் கையில் சீட்டு இருக்கிறது. அந்தச் சீட்டுக்கு என்ன மதிப்பு என்பதே கேள்வி. பின்னர் அனுப்பப்பட்ட நினைவூட்டுக் கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை.

இக்கோரிக்கை சலுகை கேட்பதன்று. ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்னும் தேசிய சிறார் நலத் திட்டம் 2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்டபோது, பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளிடம் பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கு பிரிவுகளில் கண்டறிய வேண்டிய 30 நிலைகளைப் பட்டியலிட்டது. பல் நோய் அப்பட்டியலில் உள்ளது. அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்க வேண்டும் என்று கூறும் அதே நெறிமுறைகள், கண்டறியப்பட்ட குழந்தைக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டாலும் அது கட்டணமின்றி வழங்கப்பட வேண்டும் என்றும் கூறுகின்றன. பரிந்துரைக்கப்படும் குழந்தைகளை ஏற்றுச் சிகிச்சைக்கு வழிசெய்யும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தின் பணியாளர் பட்டியலில் பல் மருத்துவர் ஒருவரும் பல் தொழில்நுட்பர் ஒருவரும் இடம்பெற்றுள்ளனர். ஆகவே, பரிசோதித்துச் சீட்டு எழுதுவதோடு கடமை முடிந்தது என்று கொள்வது நெறிமுறையின் முன்பாதியை மட்டும் படித்து நிறுத்துவதாகும்.

நடைமுறையில் நிகழ்வது வேறு. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பேருந்து மாறி வரும் தாயிடம், பால் பல் தானாக விழுந்துவிடும் என்றோ, குழந்தை சற்று வளர்ந்த பின் அழைத்து வருமாறோ புறநோயாளிகள் பிரிவில் சொல்லப்படுகிறது. கன்னம் வீங்கியிருந்தால் மருந்து தரப்படுகிறது. வீக்கம் வடிகிறது, சொத்தை அப்படியே இருக்கிறது, சில வாரங்களில் மீண்டும் வீங்குகிறது. அதற்கும் பிறகு கிடைப்பது பல்லைப் பிடுங்கும் சிகிச்சை மட்டுமே. இதற்கிடையில் அங்கன்வாடியில் அக்குழந்தை வேகவைத்த கொண்டைக்கடலையைக் கன்னத்தின் ஒருபுறம் ஒதுக்கி வைத்துக்கொண்டு மெல்லாமல் அமர்ந்திருப்பதையும், சோற்றைக் குழையப் பிசைந்து தந்தால் மட்டும் விழுங்குவதையும் பணியாளர்கள் நாள்தோறும் காண்கின்றனர். எடை குறைந்த குழந்தைக்குக் கூடுதல் உணவு தரும் அரசு, அந்த உணவை மெல்லும் பல்லைக் கைவிடுவது பொருந்தாது.

பால் பல் விழுந்துவிடும் என்பது உண்மைதான். எப்போது விழும் என்பதில்தான் இந்த மனுவின் அடிப்படை இருக்கிறது. பால் பற்கள் மொத்தம் 20. அவற்றுள் முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழத் தொடங்கினாலும், உணவை அரைக்கும் பால் கடைவாய்ப் பற்கள் பெரும்பாலும் 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. நான்கு வயதுக் குழந்தையின் கடைவாய்ப் பல்லுக்கு இன்னும் ஆறு முதல் எட்டு ஆண்டுப் பணி மீதமிருக்கிறது. பால் பல்லின் வெளிப்பூச்சான எனாமல் மெல்லியது என்பதால், சொத்தை விரைவில் நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள பல் கூழை எட்டிச் சீழ் பிடிக்கிறது. அந்தச் சீழ், அடியில் உருவாகிவரும் நிலைப் பல்லையும் பாதிக்கக்கூடும். பல்லைப் பிடுங்கிவிட்டாலோ, ஆறு வயதில் பின்னால் முளைக்கும் முதல் நிலைக் கடைவாய்ப் பல் அந்த வெற்றிடத்தை நோக்கிச் சாய்கிறது. பின்னர் வர வேண்டிய பல்லுக்கு இடமின்றி வரிசை கோணுகிறது. இந்த முதல் நிலைக் கடைவாய்ப் பல் எந்தப் பல்லும் விழாமலே முளைப்பதால், பெற்றோர் பலர் அதையும் பால் பல் என்றே எண்ணிச் சொத்தையாக விட்டுவிடுகின்றனர் என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும்.

சிறு குழந்தை ஒத்துழைக்காது, மயக்க மருந்து வசதி இல்லை என்ற காரணம் வாய்மொழியாகக் கூறப்படுகிறது. மயக்க மருந்து தேவைப்படும் குழந்தைகள் உண்டு. அவர்களை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பலாம். ஆனால் பல குழந்தைகளுக்கு ஊசியோ துளையிடும் கருவியோ தேவைப்படுவதில்லை. சொத்தையின் மென்மையான பகுதியைக் கைக்கருவியால் சுரண்டி எடுத்து, பல்லோடு ஒட்டி ஃபுளோரைடைக் கசியவிடும் கிளாஸ் அயனோமர் சிமென்டால் அடைக்கும் முறை மின்சாரம் இல்லாத இடங்களிலும் செய்யத்தக்கது. சொத்தையின் மீது தடவி அது பரவுவதை நிறுத்தும் சில்வர் டையமின் ஃபுளோரைடு என்னும் திரவம், தடவிய இடத்தைக் கறுப்பாக்கிவிடும் என்பதைப் பெற்றோரிடம் முன்னதாகச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும் என்பது தவிர, எளிதானதே. இந்தச் சிமென்டையும் திரவத்தையும் உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்துள்ளது.

எனவே இச்சங்கத்தின் முதன்மைக் கோரிக்கை பின்வருமாறு. பல் மருத்துவர் பணியிடம் உள்ள ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும் வாரத்தில் ஒரு நாள், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டு, அந்நாளில் மேற்கண்ட சிகிச்சைகள் வழங்கப்பட வேண்டும். பரிந்துரைச் சீட்டிலேயே மருத்துவமனையின் பெயரும் செல்ல வேண்டிய நாளும் எழுதப்பட வேண்டும். அளிக்கப்பட்ட சிகிச்சை என்ன என்பதும், அளிக்கப்படாவிட்டால் அதன் காரணமும், மருத்துவரின் கையொப்பத்துடன் சீட்டின் மறுபாதியில் குறிக்கப்பட்டு அங்கன்வாடி மையத்துக்குத் திரும்ப வேண்டும். இடையீட்டு மையத்தில் பல் மருத்துவர் பணியிடம் காலியாக இருப்பின், அது நிரப்பப்படும் நாள் தெரிவிக்கப்பட வேண்டும்.

மேலும், குடற்புழு நீக்க மாத்திரையும் வைட்டமின் ஏ திரவமும் ஆண்டுக்கு இருமுறை வழங்கப்படுவதைப் போன்றே, பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும் ஃபுளோரைடு வார்னிஷ் பூச்சும் பயிற்சி பெற்ற செவிலியர் மூலம் வழங்கப்பட வேண்டும். 16 முதல் 24 மாதத்துக்குள் தடுப்பூசிக்கு வரும் குழந்தையின் மேலுதட்டைத் தூக்கி, சொத்தையின் தொடக்கமாக ஈறோரம் தெரியும் சுண்ணாம்பு நிறக் கோட்டைப் பார்க்கச் செவிலியர்களுக்கு அறிவுறுத்தப்பட வேண்டும். இரவில் பால் புட்டியோடு உறங்க வைப்பதன் தீங்கு தாய்மாருக்கு எடுத்துரைக்கப்பட வேண்டும். அங்கன்வாடி மையங்களுக்குச் சிறு பல் துலக்கிகள் வழங்கப்பட வேண்டும். மூன்று வயது வரை அரிசி அளவும் அதன் பின்னர் பட்டாணி அளவும் பற்பசை போதும் என்ற அறிவிப்பு ஒட்டப்பட வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரின் மிகு ஃபுளோரைடு பற்களைக் கறையாக்கிய நிலையைக் கருதி, இம்மாவட்ட மையங்களின் குடிநீரும் ஆய்வு செய்யப்பட வேண்டும்.

இம்மனு கிடைத்த 30 நாள்களுக்குள், முதன்மைக் கோரிக்கை குறித்து மருத்துவமனைகளின் பெயரும் சிகிச்சை நாளும் அடங்கிய எழுத்துப்பூர்வமான பதிலை வழங்குமாறு இச்சங்கம் கேட்டுக்கொள்கிறது. பரிந்துரைச் சீட்டு பெற்றும் சிகிச்சை கிடைக்காத குழந்தைகளின் சீட்டு நகல்கள், பெற்றோரின் ஒப்புதலுடன் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

செயலாளர்
(சங்கத்தின் பொதுக்குழுத் தீர்மானப்படி)