ஒரே ஒரு ஊசி

என் பெரியம்மா 1990-களின் நடுவில் ஒட்டன்சத்திரத்தில் இறந்துபோனாள். நான் அப்போது ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். "வயித்துல கட்டி" என்றுதான் வீட்டில் சொன்னார்கள். முதுகலை படிக்க அமெரிக்கா வந்து பல வருடங்கள் கழிந்த பிறகு, ஒரு தொலைபேசிப் பேச்சின் நடுவே அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு அது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்றாள். வீட்டில் எங்களைத் தவிர வேறு யாருமில்லாதபோதும் அவளுக்கு அந்தப் பெயரை உரக்கச் சொல்ல முடியவில்லை.

போன வருடம் என் மகளுக்குப் பதினொரு வயதானது. வருடாந்திரப் பரிசோதனைக்குப் போனபோது, மற்ற தடுப்பூசிகளோடு சேர்த்து ஹெச்பிவி ஊசியையும் மருத்துவர் போட்டுவிட்டார். பணத்தைக் காப்பீடு கட்டியது. பத்து நிமிட வேலை. அன்றிரவு ஊரிலிருக்கும் அக்காவை அழைத்தேன். அவள் மகளுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான்.

"ஏன்டா, இதைப் போட்டா நாளைக்கு யாராவது ஏதாவது பேச மாட்டாங்களா?" என்றாள்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. நான் மருத்துவன் அல்லன். மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆனால் நல்ல தீர்வு கையில் இருந்தும் அது பயனாளியைப் போய்ச் சேராமல் எங்கே சிக்கிக்கொள்கிறது என்று பார்ப்பது என் தொழிலின் ஒரு பகுதி.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு மூல காரணம் பாப்பிலோமா வைரஸ் என்று நிறுவியதற்காக ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வைரஸில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றில் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே இப்புற்றுநோயில் 70 சதவீதத்துக்குப் பொறுப்பு. ஆண்களுக்கு வரும் தொண்டைப் புற்றுநோய்களில் ஒரு பகுதிக்கும் இதே வைரஸ்தான் காரணம். ஆஸ்திரேலியாவில் இயன் ஃபிரேசரும் ஜியான் சூவும் 1990-களின் தொடக்கத்தில் செய்த ஆராய்ச்சி தடுப்பூசிக்கு வழி திறந்தது. வைரஸின் வெளி ஓட்டை மட்டும் செய்வது அவர்கள் உத்தி. உள்ளே மரபணு கிடையாது. நிரல் ஏதும் எழுதப்படாத வெறும் பெட்டி என்று நான் புரிந்துகொள்கிறேன். அதனால் நோயை உண்டாக்க முடியாது. ஆனால் உடல் அந்த ஓட்டை அடையாளம் வைத்துக்கொள்கிறது.

ஊசி 2006-ல் சந்தைக்கு வந்தது. 17 வயதுக்கு முன் போட்டுக்கொண்ட பெண்களிடையே இந்தப் புற்றுநோய் 88 சதவீதம் குறைந்திருப்பதாக ஸ்வீடன் ஆய்வு 2020-ல் காட்டியது. 12, 13 வயதில் முழுமையாகப் போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்குக்கூட இந்நோய் வரவில்லை என்று ஸ்காட்லாந்து 2024-ல் அறிவித்தது.

இத்தனைக்கும் பிறகு, உலகில் 2022-ல் மட்டும் சுமார் 6,60,000 பெண்களுக்கு இந்த நோய் வந்தது. ஏறத்தாழ 3,50,000 பேர் இறந்தார்கள். இறப்புகளில் 94 சதவீதம் ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளில். இந்தியாவில் மட்டும் சுமார் 80,000 பேர். விஞ்ஞானம் தன் வேலையை முடித்துவிட்டது; விநியோகம் முடிக்கவில்லை.

இந்தியாவில் நடந்ததைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 2009-ல் பள்ளி வயதுப் பெண்களுக்கு இந்த ஊசியைப் போடும் முன்னோட்டத் திட்டம் ஒன்று நடந்தது. அதில் ஏழு சிறுமிகள் இறந்தார்கள். பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து போன்றவையே காரணங்கள், ஊசிக்குத் தொடர்பில்லை என்று விசாரணை சொன்னது. ஆனால் அதே விசாரணைகளில் இன்னொன்றும் வெளிவந்தது. விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள் பலருக்குப் பெற்றோரைக் கேட்காமல் விடுதிக் காப்பாளரே சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தார். நாடாளுமன்றக் குழு 2013-ல் இதைக் கடுமையாகக் கண்டித்தது. கண்டித்தது நியாயமே. ஊசி குற்றமற்றது என்பதால் அதைப் போட்ட விதம் குற்றமற்றதாகிவிடாது.

அந்தக் களேபரத்தில் 2010 ஏப்ரலில் அரசு நாட்டில் இந்த ஊசி தொடர்பான எல்லா ஆய்வுகளையும் நிறுத்தியது. அவற்றில், இரண்டு தவணை போதுமா, மூன்று வேண்டுமா என்று அறிய உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு ஒன்பது இடங்களில் தனியாக நடத்திய ஆய்வும் ஒன்று. அதில் பங்கேற்ற சுமார் 17,700 பெண்களில் ஐயாயிரத்தை ஒட்டியவர்கள் ஒரே ஒரு ஊசியோடு நின்றுபோனார்கள். ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடவில்லை. வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்தும், அந்த இரு வகைகளின் நீடித்த தொற்றிலிருந்து ஒரு தவணையே 95 சதவீத அளவில் காத்தது என்று 2021-ல் வெளியிட்டார்கள். கென்யாவில் நடந்த ஆய்வும் இதை உறுதிசெய்தது. ஒரு தவணையும் போதும் என்பதை 2022-ல் உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

அந்த ஒன்பது இடங்களில் ஒன்று, எங்கள் ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்திலிருக்கும் அம்பிளிக்கை. இதைப் படித்த அன்று வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு தவணை என்பது சின்ன விஷயம் அல்ல. மருந்துச் செலவும், குளிர்பெட்டியில் பிடிக்கும் இடமும், செவிலியர் பள்ளிக்குப் போகும் தடவைகளும் குறைகின்றன. எல்லாவற்றையும் விட, "இரண்டாவது ஊசிக்கு வராமல் போனவர்கள்" என்ற பட்டியலே இல்லாமல் போகிறது. பூனாவின் சீரம் நிறுவனம் 2023-ல் உள்நாட்டு ஊசியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது தனியாரிடம் ஒரு தவணை 2000 ரூபாய் அளவில் இருந்தது. கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. ஆகவே பள்ளியில் இலவசமாகப் போடுவதே வழி. சிக்கிம் 2018-ல் அதைச் செய்து 95 சதவீதத்துக்கு மேல் எட்டியது. இலங்கை 2017-லிருந்து ஆறாம் வகுப்பு மாணவிகளுக்குப் போடுகிறது. தமிழ்நாடு 2025 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுப் பெண்களுக்கென்று நிதி ஒதுக்கியது.

ஆனால் பணம் மட்டும் போதாது. ஜப்பானில் பக்கவிளைவு அச்சத்தால் 2013-ல் அரசு தன் பரிந்துரையைப் பின்வாங்கியது. 70 சதவீதம் அளவிலிருந்த தடுப்பூசி விகிதம் ஒரு சதவீதத்துக்கும் கீழே விழுந்தது. பரிந்துரை திரும்ப வர 2022 ஆயிற்று. பணமுள்ள, படித்த நாட்டில் நடந்தது இது. பெற்றோரிடம் அவர்கள் மொழியில் உண்மையைச் சொல்லி, கேள்வி கேட்கவிட்டு, பிறகு கையெழுத்து வாங்குவதை வீண் தாமதம் என்று நினைப்பவர்கள் கம்மத்தையும் ஜப்பானையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

இன்னொன்று. ஊசி மகள்களுக்கு, தாய்மாருக்குப் பரிசோதனை வேண்டும். திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் நடந்த ஆய்வில், புளிக்காடி அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனையே இறப்பை 35 சதவீதம் குறைத்தது என்று 2007-ல் வெளியானது. அந்தச் சோதனை கிராமங்களுக்கு வந்தது 2000-த்தில். பெரியம்மாவுக்கு அது சில வருடங்கள் பிந்திவிட்டது.

அக்காவிடம் அன்று நான் சொன்னது இதுதான்: "போலியோ சொட்டு மருந்து ஊத்தினப்ப யாராவது ஏதாவது பேசினாங்களா? இதுவும் அப்படித்தான்க்கா. பெரியம்மாவுக்கு என்ன வந்துச்சுன்னு அவகிட்ட பேரைச் சொல்லிப் போடு."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவளுக்குப் பெரியம்மா யாருன்னே தெரியாதேடா" என்றாள்.

"அப்ப அதையும் சேத்துச் சொல்லு" என்றேன்.