மினுமினுப்பைப் பார்க்காதே, பேடைப் பார்!



சாக்ஸபோன் என்றாலே நம்ம ஆட்களுக்கு 1994ல் வந்த ‘டூயட்’ படம்தான் ஞாபகம் வரும். திரையில் பிரபு, உண்மையில் ஊதியவர் கத்ரி கோபால்நாத். அவர் கச்சேரிகளில் வாசித்தது ஆல்ட்டோ வகை. அதற்கு அண்ணன் டெனர். உருவமும் பெரிசு, குரலும் கனம்.

அந்த டெனர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறார் என் தாய்மாமா. கோட்டக்குப்பத்தில் இருந்துகொண்டு பேண்டு செட்டில் ஊதுகிறவர். வட்டிக்குக் கடன் வாங்கித்தான் இந்தக் காரியம். "புரொபஷனல் பீஸ், நல்ல கண்டிஷன்" என்று புரோக்கர் சொன்னாராம். கண்டிஷன் என்றால் என்ன?

புதுசாகவே வாங்கலாமே என்பீர்கள். அதே காசுக்கு வரும் மலிவான புதுசைவிட, நன்றாகப் பராமரித்த தரமான பழசே மேல் என்பது என் தாழ்மையான கருத்து. ஆனால் சோதிக்காமல் வாங்கக் கூடாது!

பெல்ஜியம் நாட்டு அடால்ஃப் சாக்ஸ் 1846ல் காப்புரிமை பெற்ற இந்த வாத்தியம், மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு ஒரு மெஷின். குழாயில் இருபதுக்கும் மேற்பட்ட துவாரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி, மூடிக்குள் தோல் போர்த்திய பேட். பேட் சரியாக உட்காராவிட்டால் காற்று கசியும், சுரம் கெடும். ஒயரில் கட்டிய சின்ன பல்பை உள்ளே இறக்கி, இருட்டில் மூடிகளை மெதுவாக அழுத்துங்கள். எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே காற்றும் கசியும். அடிமட்டச் சுரத்தை மெல்ல ஊதச் சொல்லுங்கள். தம் கட்டி ஊதினால்தான் பேசுகிறது என்றால் பெரும்பாலும் கசிவுதான். மூடிகளை ஆட்டிப் பாருங்கள். லொடலொட என்றால் ராடு தேய்ந்துவிட்டது. நம்ம லேத்தில் பார்க்கிற அதே ‘ப்ளே’தான்!

பழசு புதுசு மாதிரி மின்னினால் எனக்குச் சந்தேகம். பாலீஷ் போடும்போது பித்தளையையும் சேர்த்துத் தேய்த்திருப்பார்கள். செதுக்கிய பூவேலை மழுங்கியிருக்கும். பேட் முழுக்க மாற்றவேண்டி வந்தால், அந்தச் செலவையும் விலையோடு கூட்டிக்கொண்டுதான் பேரம் பேசணும்.

எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். "பீப்பியைப் பத்தி உனக்கென்னடா தெரியும்?" என்கிறார் மாமா. எனக்கு ஊதத் தெரியாதுதான், கசிவு தெரியும். இருட்டறை கேட்டால் புரோக்கர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டுமே! கடனுக்கு வட்டி கட்டப் போவது அவரா?