பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: யூரிக் அமிலமும் தோட்டத்துப் பருப்பும்

மூட்டுவலி என்று சொல்வோர்க்கு உற்றாரும் அயலாரும் தயங்காது வழங்கும் அறிவுரை ஒன்றுண்டு: “யூரிக் அமிலம் கூடியிருக்கும், பருப்பையும் கீரையையும் விட்டுவிடு.” நாள்தோறும் இறைச்சியும் மீனும் உண்பவருக்கு இதனால் பெரும் நட்டமில்லை. அட்டனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறிக்கும் பெண்ணின் நிலை வேறு. கோதுமை மா ரொட்டியும் சம்பலும் வெறுந்தேநீருமே வயிற்றை நிரப்பும் லயத்து வாழ்க்கையில், மைசூர்ப் பருப்பே மலிவாய்க் கிடைக்கும் புரதம். அதனையும் தட்டிலிருந்து அகற்றச் சொல்வது அறிவியலின் பெயரால் இழைக்கப்படும் அநீதியாகும்.

இவ்வறிவுரை பியூரின் என்னும் சேர்மத்தை நஞ்சாகக் கருதும் மயக்கத்திலிருந்து பிறந்தது. எமில் பிஷர் 1884இல் பெயரிட்டு, 1898இல் ஆய்வுகூடத்தில் தொகுத்த இச்சேர்மத்தின் வழிவந்தவையே டி.என்.ஏ.யில் உள்ள அடெனினும் குவானினும். கலங்களுக்கு ஆற்றல் வழங்கும் ஏ.ரி.பி.யும் அவ்வினத்ததே. பியூரின் இன்றி உயிர் இல்லை. உடலில் உள்ள பியூரினின் பெரும்பகுதி உணவிலிருந்து வருவதன்று. உடல் தானே ஆக்கிக்கொள்வது. பழைய கலங்கள் சிதையும்போது அது யூரிக் அமிலமாக மாறுகின்றது. பெரும்பாலான பாலூட்டிகள் அவ்வமிலத்தை மேலும் சிதைக்கும் யூரிகேசு என்னும் நொதியத்தைக் கொண்டுள்ளன. மனிதருக்கு அது இல்லை. ஆகவே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகமே வெளியேற்ற வேண்டியுள்ளது. குருதியில் 100 மில்லிலீற்றருக்கு 6.8 மில்லிகிராம் என்னும் அளவைக் கடந்தால் யூரேற்றுப் பளிங்குகள் மூட்டில் படியக்கூடும். பெரும்பாலும் கால் பெருவிரலில் திடீரெனத் தீயாய் எழும் ‘கவுட்’ நோய் இவ்வாறே தோன்றுகின்றது.

பருப்புக்கு இதிற் பங்கு என்ன? அமெரிக்காவில் ஏறத்தாழ 47,000 ஆண்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கி, 2004இல் வெளியிடப்பட்ட ஆய்வு இதற்கு விடை கூறியது. இறைச்சியும் கடலுணவும் மிகுதியாக உண்டோரிடம் கவுட் கூடியது; பியூரின் மிகுந்த காய்கறிகளையும் அவரையினங்களையும் உண்டோரிடம் அது கூடவில்லை. மேலும், மாதவிடாய் நிற்கும் வரை ஈஸ்திரசன் என்னும் ஓமோன் சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றத் துணைநிற்பதால், அவ்வயதுப் பெண்களிடம் கவுட் அரிதாகவே காணப்படுகின்றது. அப்படியிருக்க, முப்பது வயதுப் பெண்ணின் முழங்கால் வலிக்குப் பருப்பைக் குற்றவாளியாக்குவது எங்ஙனம் பொருந்தும்?

வலியின் மூலத்தைத் தேடுவோர் முதலில் மலையை நோக்குதல் வேண்டும். செங்குத்தான சரிவில், மழையிலும் பனியிலும், தலையில் கயிறு மாட்டி முதுகில் கூடை சுமந்து நாள் முழுதும் நிற்கும் உடல் அது. பல தோட்டங்களில் 18 கிலோ அளவில் விதிக்கப்படும் கொழுந்து நிறையாவிடின் ‘அரைப்பேர்’ என்னும் அச்சம் வேறு. வேலைப்பளுவைக் குற்றஞ்சாட்டினால் நிருவாகம் பதில் சொல்ல வேண்டிவரும். பருப்பைக் குற்றஞ்சாட்டினால் எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இவ்வறிவுரையின் வசதி இதுவே.

இதனினும் கொடிய முரண் ஒன்றுண்டு. உடல் பியூரின் வளையத்தை ஆக்குவதற்கு ஃபோலேற்று என்னும் உயிர்ச்சத்து இன்றியமையாதது. வளையத்தின் இரு காபன் அணுக்கள் அதன் வழியே வந்து சேர்கின்றன. ஃபோலேற்று குறைந்தால் டி.என்.ஏ. ஆக்கம் தடைப்பட்டுக் குருதிச்சோகை தோன்றும். பம்பாய் ஆலைத் தொழிலாளர் உள்ளிட்ட வறிய கர்ப்பிணிகளிடம் இச்சோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ், மலிவான மதுவச் சாற்றினால் அது நீங்குவதை 1931இல் வெளிப்படுத்தினார். அச்சாற்றில் இருந்த சத்தே பின்னர் பசளைக்கீரையிலிருந்து பிரிக்கப்பட்டு, 1941இல் இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லாற் பெயர் பெற்றது. பருப்பும் கீரையும் ஃபோலேற்றின் களஞ்சியங்கள். இல்லாத கவுட்டுக்கு அஞ்சி அவற்றை விலக்குவது, உள்ள சோகைக்கு வாசல் திறப்பதாகும். உணவோடு கடுந்தேநீர் அருந்துவதால் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவது குறைகின்றது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

தேயிலைக் கஃபீனும் பியூரின் இனத்ததன்றோ என்பார் உளர். உண்மையே, இளங்கொழுந்தில் செடி அதனைப் பியூரினிலிருந்தே ஆக்குகின்றது. ஆயினும் மனித உடலில் அது மெதைல் ஏறிய வேறு சேர்மங்களாகச் சிதைகின்றதேயன்றி, மூட்டில் படியும் யூரிக் அமிலமாவதில்லை.

தோட்டத்தில் கவுட்டே இல்லை எனல் தவறு. மது அருந்தும் ஆண்களிடம் அது தோன்றுதற்கு இடமுண்டு. மது யூரிக் அமில ஆக்கத்தைக் கூட்டி, வெளியேற்றத்தையும் குறைக்கின்றது. மிகுந்த சீனியும் தீதே. உண்மை நோயாளிக்கு நெத்தலிக் கருவாட்டைக் குறைக்கச் சொல்வதும் முறையே. எனினும் நோய் எதுவென்று மருத்துவர் ஆராய்ந்து, குருதியைச் சோதித்த பின்னரே அதற்குப் பெயரிடல் வேண்டும். அலோபியூரினோல் என்னும் மலிவான மருந்து 1966 முதல் புழக்கத்தில் உள்ளது. அதனை ஆக்கிய கெர்ட்ரூட் எலியனும் ஜோர்ஜ் ஹிச்சிங்சும் 1988இல் நோபல் பரிசு பெற்றோருள் அடங்குவர். மருந்து இருக்கையில் பட்டினி சிகிச்சையாகாது.

நாட்சம்பளம் 1000 ரூபாய் என்னும் கோரிக்கை நிறைவேறுதற்கு 2021 வரை காத்திருந்த மக்கள் இவர்கள். அவர்களின் தட்டில் எதனைக் குறைக்கலாம் என்று எண்ணுவோர், அதில் எஞ்சியிருப்பது யாதென முதலில் எண்ணிப்பார்த்தல் கடன். பியூரின் அனுசேபத்தைப் பரீட்சைத் தாளில் எழுதித் தேறும் மாணவரும் அதனைக் கற்பிக்கும் விரிவுரையாளரும், தோட்டத்து மருந்தகச் சுவரில் ஒட்டுதற்குரிய எளிய தமிழில் அதனை ஒரு பக்கம் எழுதித் தருவாராக. “பருப்பை உண், வலியைச் சோதி, சுமையைக் குறைக்கக் கேள்” என்னும் மூன்று தொடர்கள் அதில் இருந்தாற் போதும்.