"டீனேஜ்னா என்னம்மா அர்த்தம்?"

எங்கள் வீட்டில் இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை அடிக்கடி புழங்கிக்கொண்டிருந்தது. 'டீனேஜ்' என்பதுதான் அது. மூத்தவளுக்கு வயது 15. காலையில் எழுந்திருக்க மாட்டாள். கேட்டால், "டீனேஜ், அப்படித்தான் இருக்கும்" என்பார் என் வீட்டுக்காரர். ஒரு வார்த்தை சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். "டீனேஜ் திமிர்" என்பேன் நான். படித்தது மனதில் நிற்கவில்லை என்றால் அதுவும் டீனேஜ். ஜலதோஷத்துக்கு மிளகு ரசம் மாதிரி, எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வார்த்தையே எங்களுக்குப் பதிலாக இருந்தது.

அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. அவர்கள் தம் பாணியில் சொல்வார்கள்: "கொமரிப் பிள்ளை விடிஞ்சு எட்டு மணி வரைக்கும் படுத்துக் கிடந்தா, நாளைக்குப் போற எடத்துல என்ன சொல்லுவாக?"

ஒருநாள் அவள் சுளகில் இருந்த அரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டே கேட்டாள்: "எதுக்கெடுத்தாலும் டீனேஜ் டீனேஜ்னு சொல்றீங்களே, அதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"அரிசியைத் தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை பேயும், வைடி கீழே" என்று சுளகைப் பிடுங்கினேனே தவிர, பதில் சொல்லத் தெரியவில்லை. பத்தாவது வரை படித்தவள் நான். தினமும் சொல்கிற வார்த்தைக்கு அர்த்தம் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது. மறுநாள் சேவுகப்பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது நூலகத்தில் நுழைந்து, பெரிய ஆங்கில அகராதியை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

சகோதரிகளே, விஷயம் இவ்வளவுதான்! தர்ட்டீன் முதல் நைன்டீன் வரை எல்லா எண்களிலும் வால் மாதிரி ஒரு 'டீன்' தொங்குகிறதல்லவா, அதுதான். பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பத்து என்று பொருள். தர்ட்டீன் என்றால் மூன்றும் பத்தும். ஆக 13 முதல் 19 வரை டீனேஜ். இதில் திமிரும் இல்லை, சோம்பலும் இல்லை, வெறும் வாய்ப்பாடு!

அப்படியானால் பதினொன்றும் பன்னிரண்டும் என்ன பாவம் செய்தன? லெவன் என்றால் பத்து போக ஒன்று மிச்சம், ட்வெல்வ் என்றால் பத்து போக இரண்டு மிச்சம் என்று பழங்காலத்தில் எண்ணியிருக்கிறார்கள். அவற்றுக்கு 'டீன்' வால் முளைக்கவில்லை. அதனால்தான் 12 வயதுப் பெண் டீனேஜ் இல்லை, 13 ஆனதும் டீனேஜ். நம் தமிழில் பதினொன்றிலேயே 'பதின்' வந்துவிடுகிறது. 'பதின்பருவம்' என்று இப்போது எழுதுகிறார்களே, அந்தக் கணக்குப்படி நம் பிள்ளைகள் இரண்டு வருஷம் முன்னதாகவே அதில் நுழைந்துவிடுகிறார்கள்.

அதே அகராதியில் இன்னொரு பழைய 'டீன்' இருந்தது. அதற்குத் துன்பம், வேதனை என்று பொருளாம். ஷேக்ஸ்பியர் கூட அப்படிப் பயன்படுத்தியிருக்கிறார். இதற்கும் எண்ணுக்கும் சம்பந்தம் கிடையாது, பிறப்பே வேறு. ஆனால் வீட்டில் வந்து சொன்னதும் இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பார்த்தியா, நான் சொன்னது சரியாப் போச்சு!"

'டீனேஜர்' என்று ஒரு தனிக் கூட்டமாகப் பேசுவது ரொம்பப் பழைய வழக்கமும் அல்ல. 1940களில்தான் அமெரிக்காவில் அந்தச் சொல் பரவலானது. 1944இல் அந்த வயதுப் பெண்களுக்கென்றே 'செவன்டீன்' என்று ஒரு பத்திரிகை அங்கே தொடங்கினார்கள். அதைப் படித்ததும் எனக்கு எங்கள் அப்பத்தா ஞாபகம் வந்தது. அதே காலத்தில்தான் அப்பத்தாவுக்கு 14 வயதில் கல்யாணம். 1929ஆம் வருஷத்து சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 போதும் என்றது. 1978இல்தான் அது 18 ஆனது. "நேத்து வரைக்கும் பல்லாங்குழி, இன்னைக்கு மருமக" என்று அப்பத்தா சொல்லிச் சிரிக்கும். நடுவில் ஒரு பருவம் இருக்கிறது என்றே அதற்கு யாரும் சொல்லவில்லை.

நம் தமிழில் பேர் இல்லாமல் இல்லை. எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழய்யா ஒருவர் இருக்கிறார். அவரைக் கேட்டேன். விரல் விட்டுச் சொன்னார். பேதை 5 முதல் 7. பெதும்பை 8 முதல் 11. மங்கை 12, 13. மடந்தை 14 முதல் 19. அரிவை 20 முதல் 25. தெரிவை 26 முதல் 31. பேரிளம்பெண் 32 முதல் 40. "அதுக்கு மேலே ஐயா?" என்றேன். "அதுக்கு மேலே பேரில்லைம்மா" என்றார். நாற்பதைத் தாண்டிய நான் பேசாமல் வாயை மூடிக்கொண்டேன்!

ஆண்களுக்கும் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன் என்று ஏழு உண்டு. 16 வயதில் காளை. அதற்கு மேல் முப்பது வரை விடலை, முப்பது தாண்டினால் முதுமகன்! நம் பக்கத்தில் 'எளந்தாரி' என்கிறோம். மஞ்சுவிரட்டுக்குக் கிளம்பும் எளந்தாரிகளைப் பார்த்தால், காளை என்று பேர் வைத்தவன் சரியாகத்தான் வைத்திருக்கிறான் என்று தோன்றும்.

"இந்த ஏழு பருவப் பெண்களையும் உலா இலக்கியங்களில் பாடியிருக்காங்கம்மா. சேரமான் பெருமாள் நாயனாரோட திருக்கைலாய ஞான உலாதான் அதுல முதல்" என்றார் தமிழய்யா. கடவுளோ அரசனோ வீதியில் உலா வரும்போது எந்த வயதுப் பெண் எப்படி மயங்கி நின்றாள் என்பதுதான் அதில் பாட்டு. கேட்க அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் வீடு திரும்பும் வழியில் யோசித்தேன். அந்த மடந்தை காலையில் சாப்பிட்டாளா என்று கேட்க அங்கே யாரும் இல்லையே!

இந்த ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தபோதுதான் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் வைத்தார்கள். இரத்தம் எடுத்துப் பார்த்ததில் என் மகளுக்கு ஹீமோகுளோபின் 8.6. இந்த வயதுப் பெண்ணுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். டாக்டரம்மா கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார், உள்ளங்கையைப் பார்த்தார். "காலையில எழுந்திருக்க முடியலையா? படிச்சது நிக்கலையா? சட்டுனு கோபம் வருதா? பச்சரிசி, சாக்பீஸ் ஏதாவது தின்கிறாளா?" என்று வரிசையாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் 'ஆமாம்' சொல்லச் சொல்ல எனக்குத் தொண்டை அடைத்தது. நான் டீனேஜ் என்று நினைத்ததெல்லாம் இரத்தசோகை! அரிசி தின்பது கூட அதற்கு ஓர் அடையாளமாம். நானோ கல்யாணத்தன்றைக்கு மழை வரும் என்று அதட்டிக்கொண்டிருந்தேன்.

சீட்டில் டாக்டரம்மா 'அடலசென்ட்' என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தார். விடுவேனா? மறுபடியும் நூலகம், மறுபடியும் அகராதி. அது லத்தீனிலிருந்து வந்த சொல். வளர்ந்துகொண்டிருப்பவர் என்று பொருள். வளர்ந்து முடிந்தவருக்கு 'அடல்ட்'. இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. அந்த வேருக்கு இன்னும் அடியில் போனால் 'ஊட்டுதல், உணவு கொடுத்து வளர்த்தல்' என்ற பொருள் இருக்கிறது. ஜீவனாம்சத்துக்கு ஆங்கிலத்தில் 'அலிமனி' என்கிறார்களே, அதுவும் அதே ஊட்டுதலில் பிறந்ததுதான்.

'வளரிளம் பெண்' என்று நம் சுகாதார நிலையங்களில் எழுதிப் போட்டிருப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். 10 முதல் 19 வயது வரை அந்தக் கணக்கு. உலக சுகாதார நிறுவனமும் அப்படித்தான் சொல்கிறது. ஏதோ சர்க்கார் பாஷை என்று கடந்து போயிருக்கிறேன். இப்போதுதான் அதன் அருமை தெரிகிறது. டீனேஜ் வயதை மட்டும் எண்ணுகிறது. கொமரி என்றால் கல்யாணக் கவலை வந்துவிடுகிறது. வளரிளம் என்ற சொல்தான் 'இது இன்னும் வளர்கிற பிள்ளை, சோறு போடு' என்று தாய்க்கு நினைவுபடுத்துகிறது.

நம் வீட்டுக் கதை மட்டும் இல்லை இது. 2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை என்று தெரிந்தது. உடம்பு வேகமாக வளர்கிற காலம், மாதந்தோறும் இரத்தப் போக்கு வேறு. போதாததற்குக் காலையில் பள்ளிக்கூடப் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் பாதி இட்லியோடு ஓட்டம். பையன்களுக்கும் இந்த வளர்ச்சி உண்டு, ஏறக்குறைய இரண்டு வருஷம் பிந்தி வரும். "எளந்தாரிப் பய, எப்பப் பார்த்தாலும் பசிங்கிறான்" என்று அலுத்துக்கொள்ளாதீர்கள்.

டாக்டரம்மா சொன்னபடி என் மகள் பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் எடுத்துக்கொண்டாள். பள்ளிகளில் வாரம் ஒன்று கொடுக்கும் நீல மாத்திரையை இதுவரை பையிலேயே போட்டு வைத்திருந்தாளாம். மலம் கறுப்பாகப் போகிறது என்று பயம். அது பயப்படும்படியான விஷயம் இல்லை என்று டாக்டரம்மா விளக்கினார். வீட்டில் நான் செய்தது இவ்வளவுதான்: வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை, இரண்டு நாள் கேழ்வரகு அடை, மாலையில் எள்ளுருண்டை அல்லது வறுகடலை, ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் ஆட்டு ஈரல். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் ஒட்டும். சாப்பாட்டோடு டீ, காபி கூடாது; ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டீ அதைத் தடுத்துவிடும்.

மூன்று மாதத்தில் 11.2 ஆகியிருக்கிறது. இன்னும் 12ஐத் தொடவில்லை, மாத்திரை தொடர்கிறது. காலையில் தானாக எழுந்து வாசல் தெளிக்கிறாள் என்று எழுத ஆசைதான். பொய் சொல்ல மாட்டேன், ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிதான்! இந்த வயதில் தூக்கம் தள்ளிப் போவதும் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தூக்கம் தேவைப்படுவதும் இயற்கை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதால், அத்தையும் இப்போது ஒன்றும் சொல்வதில்லை.

போன வாரம் கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தாள். "என்னத்தா, டீனே..." என்று ஆரம்பித்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள். வார்த்தையை விழுங்கிவிட்டு, "வளர்ற பிள்ளை, இன்னும் ஒரு கரண்டி போட்டுக்க" என்றேன்.

சிரித்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்தாள். உங்கள் வீட்டில் பிள்ளையைக் குறித்து என்ன வார்த்தை புழங்குகிறது என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள், சகோதரிகளே. ஒருமுறை இரத்தத்தையும் சோதித்துப் பார்த்துவிடுங்கள்.